ஆர்டிஎக்ஸ் 5090: அறிவித்த விலையும் நீங்கள் கொடுக்கப்போகும் விலையும்

கேள்வி: கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களை பிளெண்டர் என்ற மென்பொருளில் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஓய்வு நேரத்தில் 4கே திரையில் கேம் விளையாடுவதும் உண்டு. 2021-இல் வாங்கிய, 10 ஜிபி மெமரி உள்ள என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்திருக்கிறேன். பெரிய வேலைகளில் மெமரி போதவில்லை என்று ரெண்டர் (காட்சியைக் கணினி முழுப் படமாக வரைவது) பாதியில் நின்றுவிடுகிறது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி விற்பனைக்கு வரும் புதிய 5090 கார்டின் விலை 2,14,000 ரூபாய் என்கிறார்கள். இந்த விலை நியாயமா? அமெரிக்காவில் 1,999 டாலர்தான் என்பதால், அங்கிருந்து வரும் அண்ணனிடம் சொல்லி வாங்கிவரச் செய்யலாமா? அல்லது பாதி விலையில் கிடைக்கும் 5080 போதுமா? பழைய கார்டை இப்போதே விற்றுவிடலாமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர், 2025 ஜனவரி)

பதில்: உங்கள் வேலை நின்றுபோவது வேகக் குறைவால் அல்ல, மெமரி குறைவால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே உங்கள் காட்சிகளுக்கு எத்தனை ஜிபி தேவைப்படுகிறது என்பதை அளந்து பார்க்காமல் 5090, 5080 என்று பேசத் தொடங்கினால் ஒரு லட்சம் ரூபாய் அளவுக்குத் தவறிப்போக வாய்ப்பு இருக்கிறது. அளப்பது எளிது. கார்டில் ஓடாமல் நிற்கும் அதே காட்சியை, ரெண்டர் அமைப்பில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்று இருப்பதை சிபியு (கணினியின் பிராசசர்) என்று மாற்றி ஓட்டுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் நிற்காது. ரெண்டர் சாளரத்தின் மேல் வரியில் ‘மெம்’, ‘பீக்’ என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ‘பீக்’ என்பதுதான் அந்தக் காட்சி உச்சத்தில் பிடித்த இடம். அதனுடன் விண்டோஸ், திரை, டீநாய்சர் (படத்தில் உள்ள புள்ளிகளை நீக்கும் வசதி) ஆகியவற்றுக்காக இரண்டு மூன்று ஜிபி சேர்த்துக்கொண்டால் உங்களுக்குத் தேவையான கார்டின் குறைந்தபட்ச அளவு கிடைத்துவிடும்.

அந்த எண் 5080-இல் இருக்கும் 16 ஜிபியைத் தாண்டினாலும் உடனே பெரிய கார்டுக்குப் போய்விட வேண்டாம். 8கே அளவுள்ள ஒரு வண்ண டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படம்), கோப்பாக இருக்கும்போது சில எம்பி மட்டுமே காட்டினாலும், கார்டின் மெமரிக்குள் விரிந்ததும் 256 எம்பி பிடிக்கிறது. அதையே 4கே ஆக்கினால் 64 எம்பி போதும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்துக்கும் அறையின் மூலையில் கிடக்கும் மிதியடிக்கும் 8கே டெக்ஸ்சர் போடப்பட்டிருப்பதைக் கட்டடக் காட்சிகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. பிளெண்டரின் ‘சிம்ப்ளிஃபை’ பகுதியில் டெக்ஸ்சர் அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அதை 4கே என்று வைத்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். வாடிக்கையாளரின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இடங்களில் இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி விலைக்கு வருகிறேன். லாஸ் வேகாஸில் 2025 ஜனவரி 6-ஆம் தேதி என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவிக்கும் வரை, 5090-இன் விலை 2,000 டாலரைத் தாண்டும், 2,500 வரைகூடப் போகும் என்றெல்லாம் பேச்சு இருந்தது. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு 1,999 டாலர் என்பது நிம்மதியாக ஒலித்தது. ஆனால் ஊகத்தோடு ஒப்பிட்டு ஒரு விலையை மலிவு என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. முந்தைய கார்டோடு ஒப்பிடுவதே முறை. 2022 அக்டோபரில் வந்த 4090-இன் அறிவிக்கப்பட்ட விலை 1,599 டாலர். புதியதற்கு அதைவிட 25 சதவீதம் அதிகம். சிப்பில் உள்ள கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 16,384-இலிருந்து 21,760 ஆகியிருக்கின்றன, அதாவது 33 சதவீதம் அதிகம். மின்தேவை 450 வாட்டிலிருந்து 575 வாட்டுக்குப் போயிருக்கிறது. அது ஏறத்தாழ 28 சதவீதம். சிப்பின் பரப்பும் 608 சதுர மில்லிமீட்டரிலிருந்து 750-க்கு வளர்ந்திருக்கிறது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். இரண்டு தலைமுறைகளும் சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் ஒரே 4 நானோமீட்டர் வகை உற்பத்தி முறையில் தயாராவதால், அதே பரப்புக்குள் அதிக டிரான்சிஸ்டர்களை அடைக்கும் வாய்ப்பு இந்த முறை இல்லை. கிடைத்திருக்கும் கூடுதல் வலு பெரும்பாலும் கூடுதல் சிலிக்கானிலிருந்தும் கூடுதல் மின்சாரத்திலிருந்தும் வருகிறது, அதற்கு ஏற்ப விலையும் ஏறியிருக்கிறது. தலைமுறை மாறும்போது அதே பணத்துக்கு அதிக வேகம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் ஏற்படுவதன் காரணம் இதுதான், அந்த ஏமாற்றம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

மெமரியில் மட்டும் உண்மையான பாய்ச்சல் இருக்கிறது. 24 ஜிபி 32 ஜிபி ஆகியிருப்பதோடு, புதிய ஜிடிடிஆர்7 வகை மெமரியும் 512 பிட் அகலப் பாதையும் சேர்ந்து, நொடிக்கு 1,008 ஜிபியாக இருந்த தரவு வேகத்தை 1,792 ஜிபியாக உயர்த்தியிருக்கின்றன. மெமரி போதாமல் தவிக்கும் உங்களைப் போன்றவருக்கு, பலரும் பேசும் கேம் வேகத்தைவிட இந்த ஒரு வரிதான் முக்கியம்.

உற்பத்திச் செலவின் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டிலிருந்து 750 சதுர மில்லிமீட்டர் சிப்புகளை வெட்டினால், ஓரத்தில் வீணாவதைக் கழித்து, தோராயமாக 70 கிடைக்கும். 5080-இல் உள்ள 378 சதுர மில்லிமீட்டர் சிப் என்றால் 150 வரை கிடைக்கும். பெரிய சிப்பில் குறைபாடு விழும் வாய்ப்பும் அதிகம் என்பதால் தேறுகிறவை இன்னும் குறைகின்றன. என்விடியாவுக்கு அக்டோபர் 2024-இல் முடிந்த காலாண்டில் டேட்டா சென்டர் வருவாய் 3,080 கோடி டாலராகவும் கேமிங் வருவாய் சுமார் 330 கோடி டாலராகவும் இருந்தன. மொத்த வருவாயில் பத்தில் ஒரு பங்குகூட வராத பிரிவுக்காகக் கார்டுகளைக் குவித்து விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. போட்டியாளரான ஏஎம்டியும், உச்சநிலைக் கார்டுகளில் மோதுவதைவிட அதிகம் பேர் வாங்கும் விலைப் பிரிவில் கவனம் வைக்கப்போவதாக 2024 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆகவே இந்த உயரத்தில் என்விடியா வைத்ததே விலை. 2017-இல் 1080 டிஐ 699 டாலருக்கு வந்தது, 2020-இல் 3090-க்கு 1,499 டாலர் ஆனது, 2025-இல் 1,999-க்கு வந்திருக்கிறது. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, அடுத்த தலைமுறையில் குறைந்துவிடும் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

அண்ணனிடம் சொல்லி வாங்கிவரச் செய்யும் யோசனை பலருக்கும் வருவதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் விற்பனை வரி சேராது. இந்தியாவில் அறிவிக்கப்படும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் 1,999 டாலர் என்பது 1,71,914 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 2,03,000. ஆக 2,14,000 என்ற இந்திய விலையில் உள்ள உண்மையான கூடுதல் சுமார் 11,000 ரூபாய்தான். ‘நாற்பதாயிரம் கொள்ளை’ என்று சொல்பவர்கள் வரியைக் கணக்கில் எடுக்கவில்லை. இனி, பயணப் பெட்டியில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2025 தொடக்கத்தில் இருந்த விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள். அதற்கு மேற்பட்ட மதிப்புக்குச் சுங்கத்தில் 38.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. மடிக்கணினி ஒன்றுக்கு விலக்கு உண்டு, கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடையாது. மீதமுள்ள 1,21,914 ரூபாய்க்குத் தீர்வை மட்டும் சுமார் 46,900 ரூபாய் ஆகிறது. மொத்தம் 2,18,000-ஐத் தாண்டிவிடும், அந்த மாநிலத்தின் விற்பனை வரி இன்னும் தனி. முறையாகத் தீர்வை கட்டினால் இங்கே வாங்குவதைவிட அதிகம் செலவாகும், கட்டாமல் கொண்டுவரச் சொல்வது உங்கள் அண்ணனைச் சிக்கலில் மாட்டிவிடும். அதோடு, பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை உத்தரவாதம் இல்லாமல் தொழிலுக்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆனால் 2,14,000 என்பது தொடக்க விலை மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். அசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சோட்டாக் போன்ற நிறுவனங்கள் பெரிய ஃபேன்களும் கூடுதல் கிளாக் வேகமும் கொண்ட வகைகளுக்குத் தனித்தனி விலை வைக்கும், கடைக்காரரும் தட்டுப்பாட்டுக்கு ஏற்பத் தம் பங்கைச் சேர்ப்பார். இதற்கு உங்களிடமே சான்று இருக்கிறது. 3080-க்கு 2020-இல் இந்தியாவில் அறிவித்த விலை 71,000 ரூபாய். 2021-இல் நீங்கள் கொடுத்த தொகையை உங்கள் பில்லில் எடுத்துப் பாருங்கள். அன்று கிரிப்டோ சுரங்கக்காரர்கள் (கணினியில் கணக்குப் போட்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுபவர்கள்) கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபின் அந்தத் தேவை ஓய்ந்தது. இன்று அந்த இடத்தில், வீட்டுக் கணினியிலேயே ஏஐ மாடல்களை ஓட்ட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே 32 ஜிபிதான் வேண்டும். ஆகவே முதல் சில வாரங்களில் அறிவித்த விலைக்கு 5090 எளிதில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மனத்தில் ஓர் உச்ச விலையை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கணக்கில், தொடக்க விலைக்கு மேல் பத்து சதவீதத்தைத் தாண்டினால் காத்திருப்பதே மேல்.

5080 பற்றிக் கேட்டிருந்தீர்கள். 999 டாலர், இந்தியாவில் 1,07,000 ரூபாய் என்ற விலை, 4080 சூப்பரின் விலையிலேயே நிற்பதால் பாராட்டப்படுகிறது. எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. 3080-இல் அந்தத் தலைமுறையின் உச்சக் கார்டான 3090-இன் கோர்களில் 83 சதவீதம் இருந்தது. 4080-இல் அது 59 சதவீதமாகக் குறைந்தது. 5080-இல் 10,752 கோர்கள்தான், 5090-இல் பாதிகூட இல்லை. மெமரியும் 16 ஜிபி, சரிபாதி. உங்கள் காட்சிகள் 16 ஜிபிக்குள் அடங்குமானால், அதே 16 ஜிபியோடு 2025 பிப்ரவரியில் 80,000 ரூபாய்த் தொடக்க விலையில் வரவிருக்கும் 5070 டிஐ-யைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 5080-இன் கோர்களில் 83 சதவீதம் அதில் இருக்கிறது. மின்தேவை 300 வாட். உங்களிடம் இருக்கும் 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே அதற்குப் போதும் என்று என்விடியாவே குறிப்பிட்டிருக்கிறது.

‘549 டாலர் 5070-இல் 4090-இன் வேகம்’ என்று மேடையில் சொல்லப்பட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது டிஎல்எஸ்எஸ் 4 என்ற வசதியின் துணையோடு, உண்மையாக வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (அசைவுக் காட்சியின் ஒரு தனிப் படம்) மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ உருவாக்கிச் சேர்ப்பதை வைத்துச் சொன்ன கணக்கு. அதை ஆதரிக்கும் கேம்களில் திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்ததும் கிடைக்கும் எதிர்வினை அடிப்படை ஃபிரேம் வேகத்தைச் சார்ந்தே இருக்கும். பிளெண்டர் ரெண்டருக்கு இதனால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. 5070-இல் இருப்பது 12 ஜிபி மெமரி என்பதால் அது உங்களுக்கு உதவவும் போவதில்லை.

ஒருவேளை அளந்து பார்த்தபின் 16 ஜிபியைத் தாண்டுகிறது, 5090-தான் வழி என்று தெரிந்தால், கார்டோடு செலவு முடியாது. குறைந்தது 1,000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. கார்டும் பிராசசரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது வீடுகளில் பரவலாக இருக்கும் 1 கேவிஏ யுபிஎஸ் தாங்காது. கரண்ட் போன நொடியில் அதுவும் அணைந்துவிட்டால் இரவெல்லாம் ஓடிய ரெண்டர் போய்விடும். ஆகவே யுபிஎஸ்ஸையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மின் இணைப்பு கேபிளை ‘கிளிக்’ என்று பூட்டும் வரை முழுமையாக அழுத்திச் செருகுங்கள். 2022-இல் 4090 கார்டுகள் சிலவற்றில் கனெக்டர் உருகியபோது, சரியாகச் செருகாததையே முக்கியக் காரணமாக என்விடியா சொன்னது. கேபினெட்டின் பக்கக் கதவை மூடும்போது அந்தக் கேபிள் கூர்மையாக மடங்காத அளவுக்கு அகலம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

பழைய 3080-ஐ இப்போது விற்க வேண்டாம். புதியது எப்போது கைக்கு வரும் என்பது உறுதியில்லாதபோது, வருமானம் தரும் கருவியைக் கொடுத்துவிட்டு நிற்பது சரியல்ல. விலை இறங்குமே என்று அஞ்சினாலும், இறங்கும் சில ஆயிரங்கள் நீங்கள் கைவிட நேரும் ஒரே ஒரு கட்டட வேலையின் கூலிக்கு ஈடாகாது. புதிய கார்டு வந்ததும் முதல் வாரம் முழுவதும் உங்கள் மிகப் பெரிய காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். திரை கறுத்துப்போவது, கணினி தானாக மறுதொடக்கம் ஆவது போன்றவை இருந்தால் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்க வேண்டிய நாட்கள் அவைதான். அந்த வாரம் கழிந்தபின், 3080-இன் பில்லையும் பெட்டியையும் தேடி எடுத்து வைத்துவிட்டு விற்பனை விளம்பரம் போடுங்கள்.