தீக்காக்கை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தீக்காக்கையில் ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: தீக்காக்கை என்பது அடர்காட்டில் வாழும் ஒரு பறவை (ஆங்கிலத்தில் Malabar trogon). ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஓரடி நீளம், அதில் பெரும்பங்கு வால்தான். ஆணுக்குத் தலையும் மார்பும் கருமை, அதன் கீழே ஒரு வெள்ளைப் பட்டை, வயிறு முழுவதும் செஞ்சிவப்பு. பெண்ணுக்கு அந்தக் கருமையும் சிவப்பும் இல்லை. வயிறு மங்கிய காவி நிறத்தில் இருக்கும்.

கேள்வி: டாப்சிலிப்பில் வழிகாட்டி கைநீட்டிக் காட்டியும் என் கண்ணில் படவில்லை. இத்தனை சிவப்பான பறவை எப்படி மறைகிறது?

பதில்: மறைவதெல்லாம் முதுகின் உபயம். ஆள் அரவம் கேட்டதும் இது பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்துகொள்கிறது; பழுப்பு முதுகு அடர்காட்டின் நிழலோடு கலந்துவிடுவதாலும், நடுத்தர உயரக் கிளையில் நிமிர்ந்தபடி நெடுநேரம் அசையாமல் இருப்பதாலும், பழகிய கண்களே பலமுறை ஏமாறுகின்றன. ஆகவே சிவப்பைத் தேடாதீர்கள். 'க்யாவ், க்யாவ்' என்று சற்றே கரகரத்த குரலில் தொடர்ந்து ஒலிப்பதைக் கேட்டு நில்லுங்கள். பூச்சியைப் பிடிக்கப் பாயும்போது வாலோரத்து வெள்ளை இறகுகள் பளிச்சிடும். பலவகைப் பறவைகள் சேர்ந்து இரைதேடும் கூட்டங்களிலும் இது கலந்துகொள்ளும். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் முன்செல்லும் கூட்டங்களில் இதைக் காணலாம்.

கேள்வி: குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

பதில்: வேண்டாம். கூடுகட்டும் காலத்தில் அது பறவைக்கு வீண் தொல்லை.

கேள்வி: மரங்கொத்தியைப் போல இதுவும் மரத்தைக் குடையுமா?

பதில்: குடையும், ஆனால் உளுத்த மரத்தை மட்டுமே. இதன் அலகு குட்டையானது, அகன்றது. கால்களும் சிறியவை, விரல்களில் முதலாவதும் இரண்டாவதும் பின்னோக்கி அமைந்திருக்கின்றன, இது மரங்கொத்தியிடம் இல்லாத அமைப்பு. அதனால் அடிமரத்தைப் பற்றி ஏறவோ வைரம்பாய்ந்த கட்டையைக் கொத்தவோ இதனால் இயலாது. விரலால் நசுக்கினால் உதிரும் அளவுக்கு மக்கிய, பெரும்பாலும் தாழ்வான பட்டமரத்தையே கூட்டுக்குத் தேர்ந்தெடுக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குடைகின்றன, மாறிமாறி அடைகாக்கின்றன. வழக்கமாக இரண்டு முட்டைகள். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறிய பிறகும் பெற்றோர் பல மாதங்கள் இரையூட்டுகின்றன என்பதே எனக்கு இப்பறவையிடம் மிகவும் வியப்பூட்டும் செய்தி.

கேள்வி: காட்டையொட்டிய எங்கள் காப்பித் தோட்டத்தில் மக்கிய மரங்கள் நிற்கின்றன. அகற்றிவிடலாமா?

பதில்: ஆள் நடமாடும் பாதையில் விழக்கூடியதை அகற்றுங்கள், மற்றவற்றை நிற்க விடுங்கள். அகற்றியே ஆகவேண்டியதையும், இனப்பெருக்கக் காலமான பிப்ரவரி முதல் மே வரை தொடாதிருப்பது நல்லது.