கெய்ரோ நடன விழாவுக்குப் போகலாமா?

கேள்வி: கெய்ரோவில் நடக்கும் ‘அஹ்லன் வ சஹ்லன்’ நடன விழாவுக்குப் போக ஆசை. எகிப்திய நடனம் கற்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. பயிற்சி வகுப்புகளில் தாக்குப்பிடிப்பேனா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். அந்த விழாவைத் தொடங்கிய ராகியா ஹசன், எகிப்திய நடனக் கலைஞர் மஹ்மூத் ரெடா 1959-ல் ஆரம்பித்த புகழ்பெற்ற நடனக் குழுவில் ஆடியவர். விழாவில் பகலில் வகுப்பு, இரவில் மேடை நிகழ்ச்சி.

வகுப்பில் ஆசிரியை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிச் சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வாய்த்தவர் பாட்டைப் போட்டுவிட்டு முன்னால் நின்று ஆடினார், அவ்வளவுதான். அரைமணி நேரம் தவித்தேன். பிறகு பாதத்தைப் பார்ப்பதை விட்டுத் தபலாவைக் கேட்கத் தொடங்கினேன் (நம் தபேலா அல்ல, கிண்ண வடிவ ஒற்றை மேளம்). ‘தும் தக், தும் தும் தக்’ என்ற சயீதி தாளம் காதில் ஏறியதும் இடுப்பு தானே வழிக்கு வந்தது. அதனால் இந்தத் தாளத்தையும் மக்சூம் என்ற இன்னொரு தாளத்தையும் இப்போதே கைதட்டிப் பழகுங்கள். கம்பு நடன வகுப்பைத் தவறவிடவே கூடாது. மேல் எகிப்து (நாட்டின் தென்பகுதி) ஆண்களின் ‘தஹ்தீப்’ கம்பு விளையாட்டிலிருந்து கிளைத்தது அது. தஹ்தீப் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு போதும். நான் மூன்றில் சேர்ந்து களைத்து, இரவு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டு வந்தேன். நேரடி வாத்தியக் குழுவோடு ஒரு கலைஞர் ஆடுவதைப் பார்ப்பதும் பாடம்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உடை வாங்க கான் எல்-கலீலி கடைவீதிக்குக் கடைசி நாளை ஒதுக்குங்கள். போட்டு, ஆடிப் பார்த்தே வாங்குங்கள்.