ஆறாவது மாடியில் அம்மா

கேள்வி: ஆற்றோரத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்தோம். போன வருஷம் அங்கிருந்த வீடுகளை இடித்துவிட்டு, பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் எங்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 67 வயதான என் அம்மா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் டாக்டர். "இவ்வளவு வசதி வந்தும் திருப்தி இல்லையே" என்று என் கணவர் கோபப்படுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரும்பாக்கம்

பதில்: அம்மாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள் சகோதரி. தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம், அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கைமாத்து கொடுத்த பக்கத்து வீடு, வாசலைத் தாண்டும்போதெல்லாம் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போன ஆட்கள், எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. சாவு வீட்டில் அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் ஊர் மாறி வந்து அழுகிறவரை நன்றியில்லாதவர் என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

1995-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் பெரிய பூகம்பம் வந்தது. வீடிழந்தவர்களில் முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் போட்டுத் தற்காலிக வீடுகளை ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் குலுக்கலில் பழைய அக்கம்பக்கம் ஆளுக்கொரு திசையாகச் சிதறிவிட்டது. பூட்டிய கதவுக்குள் தனியாக இறந்து, பல நாள் கழித்தே வெளியே தெரிந்த முதியவர்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட சாவுக்கு ஜப்பானியரிடம் 'கொதோகுஷி' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. படகு வருவதற்கு முன்பே பின் சந்தில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவரை நாலு பையன்கள் கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் அங்கே இருக்கிறார் என்று சொன்னது எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மா. தினமும் வீடு வீடாகப் போகிறவருக்குத்தானே யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று தெரியும்! உங்கள் அம்மாவும் பழைய இடத்தில் அப்படி நாலு வீட்டு விஷயம் தெரிந்தவராக இருந்திருப்பார். இப்போது அவரிடம் கேட்க ஆளில்லை.

சரி, செய்ய வேண்டியது. பழைய தெருக்காரர்கள் எந்த பிளாக்கில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்று அம்மாவையே கேட்டு எழுதுங்கள். வேறு பகுதிக்குப் போனவர்களும் இருப்பார்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து இலவசம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். அப்புறம், "வெளியே போய்ப் பேசும்மா" என்று சும்மா சொன்னால் எந்த அம்மாவும் போகமாட்டார், கையில் ஒரு வேலை வேண்டும். பூ கட்டுவாரா, கருவாடு காயப்போடுவாரா, அதைப் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து செய்யட்டும். லிஃப்ட் ஓடாத நாளில் ஆறாவது மாடிக்காரர் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வரவேண்டும், இரண்டு பேராவது உட்காருவார்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது "நான் எதுக்கு இருக்கணும்" என்று ஒரு தடவை சொன்னாலும், தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவையும் பாருங்கள்.

2023-ல் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும், அங்கே முன்பே இருப்பவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐப்பசி பிறப்பதற்குள், உங்கள் பிளாக்கில் யார் இன்சுலின் போடுகிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குப் படி இறங்க முடியாது என்று விசாரித்து வைக்கிற வேலையை அம்மாவிடம் கொடுத்துப் பாருங்களேன். ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.