ரப்பர் உடைக்குள் ஆளை வைத்து காட்சில்லா என்ற ராட்சத அசுரனைத் திரையில் காட்டியது யார்? அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார்?

அவர் பெயர் எய்ஜி சுபுராயா, ஜப்பானிய சினிமாவின் தந்திரக் காட்சி இயக்குநர். 1901இல் ஃபுகுஷிமா பகுதியின் சுககாவா ஊரில் பிறந்தவர். விமானப் பைத்தியம்! ஆனால் சினிமாவில் கேமராமேன் ஆகிவிட்டார்.

1933இல் வந்த கிங் காங் படம்தான் அவருக்குத் திருப்பம். இதுபோல ஜப்பானில் செய்ய வேண்டும் என்ற ஆசை அப்போதே ஒட்டிக்கொண்டது. 1942இல், பேர்ல் ஹார்பர் தாக்குதலைச் சின்ன மாதிரிக் கப்பல்களை வைத்து ஒரு போர்ப் பிரசாரப் படத்தில் காட்டினார். அந்தப் போர்க்காலப் படங்களே வினையாகி, போருக்குப் பின் தோஹோ என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகுதான் திரும்பி வந்தார்.

சரி, 1954இல் காட்சில்லா படத்துக்கு ஏன் ரப்பர் உடை? கிங் காங் போலப் பொம்மையை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஹருவோ நகாஜிமா போன்ற நடிகர்கள் கனமான உடைக்குள் புகுந்து குட்டி டோக்கியோவை மிதித்தார்கள். உடைக்குள் சூடு தாங்காது.

உண்மையான சூட்சுமம் கேமராவில் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் அதைவிட அதிகமாக எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் அசைவு மெதுவாகும். இடியும் அட்டைக் கட்டடம்கூடப் பல டன் எடையுள்ளதுபோல் தெரியும். என்னைக் கேட்டால், உடையைவிட இதுதான் பெரிய சாதனை.

1963இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1966இல் அதன் அல்ட்ராமேன் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது. 1970 ஜனவரியில் காலமானார். சுககாவா தெருக்களில் இப்போதும் அவருடைய அசுரர்கள் சிலையாக நிற்கிறார்கள்.