வாடகை வீட்டுக்கு ஆள் வைப்பது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று வாடகை வீடுகள். வடசேரியில் ஒன்று, பார்வதிபுரத்தில் கீழும் மாடியுமாக இரண்டு. அம்மாவுக்குப் பிறகு 19 வருஷமாக நான்தான் ஆள் பார்த்து வைக்கிறேன். சொந்தம் போல ஆனவர்களும் உண்டு, தூக்கத்தைக் கெடுத்தவர்களும் உண்டு. கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: அக்கா, மாடி கட்டி முடித்துவிட்டோம். முதல்முறையாக வாடகைக்கு விடப்போகிறோம். நேரில் பத்து நிமிஷம் பேசினால் ஆளைப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியாது தம்பி. வீடு பார்க்க வருகிற அன்று எல்லாரும் நல்லவர்கள்தான். நான் அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டுக்கு ஒருமுறை போய்வருவேன். சொல்லிவிட்டுத்தான் போவேன், மறைவாகப் போய் எட்டிப் பார்ப்பது தப்பு. ஒரு சாயா குடிக்கிற நேரம் போதும்.

மாடியில் இப்போது இருக்கிற குடும்பம் முன்பு ஒழுகினசேரியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. அடுக்களைக் குழாய் கசிந்த இடத்தில் சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதையும் மீறிச் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. வாளி நிறைந்ததும் அந்த அம்மா தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்ற கறிவேப்பிலைக்கு ஊற்றினார். சொந்த வீடு இல்லை, குழாயும் அவர்களுடையது இல்லை, ஆனாலும் தண்ணீர் வீணாவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அங்கேயே மனசு முடிவாகிவிட்டது. ஐந்து வருஷமாகிறது.

அப்புறம், பழைய வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஆனால் இப்போதைய வீட்டுக்காரரோடு நிறுத்த வேண்டாம். ஆள் போனால் போதும் என்றிருப்பவர் நல்லபடியாகத்தான் சொல்வார். அதற்கு முந்தின வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. அவரிடமும் 'நல்ல ஆளா' என்று கேட்டுப் பலனில்லை. வாடகை எத்தனாம் தேதி வந்தது? காலி செய்தபோது கரண்ட் பில் பாக்கி இருந்ததா? முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தீர்களா? இந்த மூன்றையும் கேளுங்கள்.

நான் இதைப் படித்தது நஷ்டப்பட்டுத்தான். ஒருவர் வந்தார், அடுக்களையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாக நீட்டினார். நானும் ஒன்றும் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்தேன். ஏழாவது மாதத்திலிருந்து வாடகை இல்லை, போனும் எடுக்கவில்லை. ஓர் இரவில் காலி செய்துவிட்டுப் போனார். கிணற்று மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் எப்படி, கோடையில் கிணறு வற்றுமா, மழையில் எங்கே ஒழுகும் என்று துருவித் துருவிக் கேட்கிறவர்தான் அங்கே வாழ நினைத்து வருகிறவர்.

குளச்சலிலிருந்து: விசைப்படகில் வேலை பார்க்கிற ஒருவர் வீடு கேட்கிறார். மாதச் சம்பளம் கிடையாது. கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதோடு, எந்த மாதம் பணம் வராது என்பதையும் கேளுங்கள். உங்கள் பக்கம் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. இந்த மாதங்களை நீங்களும் தெரிந்துகொண்டு, தடைக்காலத்து வாடகையை ஆகஸ்ட், செப்டம்பரில் சேர்த்துத் தரலாம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் இரண்டு பேருக்கும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. 'ஜூனில் எனக்குக் கஷ்டம்' என்று தானாகவே சொல்கிறவரை நான் நம்புவேன்.

ஆசாரிபள்ளத்திலிருந்து: மெடிக்கல் காலேஜ் மாணவர்கள் நாலு பேர் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.

நாலு பேரின் பெற்றோரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். நாலு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும். ஒருவன் பாதியில் போனால் அவன் பங்கை யார் கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். ராத்திரி டியூட்டி முடிந்து வருவார்கள், கேட் சத்தம் கேட்கத்தான் செய்யும். அதைத் தாங்க முடியாது என்றால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கருங்கல்காரர், கத்தாரிலிருந்து: அப்பா அம்மா கீழே இருக்கிறார்கள். மாடியை நான் இங்கிருந்தே வாடகைக்கு விடலாமா?

விடலாம். ஆனால் வீடியோ காலில் பார்த்து நீங்கள் மட்டும் ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிணறும் வாசலும் பங்குபோட்டு வாழப்போவது அப்பா அம்மாதான், அவர்களுக்குப் பிடிக்க வேண்டும். உங்களுக்காக அப்பா கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, வெளிநாட்டில் வசிக்கிற உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் தர வேண்டும். வாடகை பேசும்போதே இதையும் பேசுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: நம்ம ஆளுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

இது என் மனசை வருத்துகிற விஷயம். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாவட்டம் நம்முடையது. வீடு கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வியாகச் சாதியையும் மதத்தையும் கேட்பது அவரை வாசலிலேயே அவமானப்படுத்துவது. 19 வருஷக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. யார் சரியாகத் தந்தார், யார் தரவில்லை என்பதற்கும் அவர்கள் கும்பிட்ட சாமிக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவரை நான் 'நம்ம ஆள்' என்றுதான் விசாரிக்காமல் விட்டேன். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

திங்கள்சந்தையிலிருந்து: ஆதார் நகல் வாங்கினால் போதாதா?

ஆதார், இவர் இன்னார் என்று மட்டும்தான் சொல்லும். கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதும். அதோடு வேலை பார்க்கிற இடத்து அடையாள அட்டையை வாங்கி, அங்கே ஒரு போன் செய்யுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

வடசேரியிலிருந்து: 11 மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதினால் சரிதானே?

இப்போது அது மட்டும் போதாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாதப் பழக்கமே வந்தது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையம் வழியாகவே செய்யலாம். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவுக்கு வரமாட்டேன் என்கிறவருக்கு நான் சாவி கொடுப்பதில்லை.

இரணியலிலிருந்து: ஒத்திக்கு விட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

மொத்தப் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, திருப்ப முடியாமல் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்தி என்பது அடமானம். அதை வெறும் தாளில் எழுதாமல் சார்பதிவாளரிடம் பதியுங்கள். ஆளை விசாரிப்பது இதிலும் அதே அளவுதான்.

கோட்டாறிலிருந்து: மூன்று மாதமாக வாடகை தரவில்லை. மோட்டார் லைனைக் கட் செய்துவிடலாமா?

வேண்டாம். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது, அந்த வீட்டில் குழந்தைகளும் இருப்பார்கள். இரண்டு மாதப் பாக்கி இருந்தாலே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டைத் திருப்பிக் கேட்டு மனுப் போடலாம். வக்கீலைப் பாருங்கள்.

வெட்டூர்ணிமடத்திலிருந்து: அக்கா, நான் வாடகைக்கு வீடு தேடுகிறவள். கணவர் இல்லை, ஒரு மகள், துணிக்கடையில் வேலை. போகிற இடமெல்லாம் 'ஆண் துணை யாரு' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

தங்கச்சி, கடைசி 12 மாத வாடகை நீங்கள் அனுப்பியது தெரிகிற மாதிரி வங்கிக் கணக்கை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் தேதி போட்டு நாலு வரி எழுதி வாங்குங்கள். கடைசி கரண்ட் பில் ரசீதும் கையில் இருக்கட்டும். பார்வதிபுரத்துக் கீழ்வீடு வைகாசியில் காலியாகிறது. மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள், கிணறு எப்படி என்று கேளுங்கள். நானும் ஒருநாள் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்கு வருவேன்.