ஜோகன்னஸ்பர்க் வரப்போகும் தம்பிக்கு

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வருகிறேன், வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, இரவில் வெளியே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகையும் பள்ளியும் உங்கள் கம்பெனிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். இரவில் நடந்து போகாதீர்கள், அவ்வளவுதான். போகிற போக்கில் கடைசியாக, "மண்டேலா வந்தபின் நிறவெறி ஒழிந்துவிட்டதுதானே?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வந்தது 1995 தொடக்கத்தில். முதல் வாரமே ஒரு தப்பு. அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்த பெரியவரை, சென்னைப் பழக்கத்தில், பக்கத்து மேசைக்காரரிடம் 'ஆபீஸ் பாய்' என்றேன். பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு 3 பேரப்பிள்ளைகள்" என்றார். பேரன் எடுத்த கிழவரையும் வெள்ளைக்காரர்கள் 'பாய்' என்றே அழைத்த நாடு இது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பின் பல மாதம் என் தேநீரில் மட்டும் சர்க்கரை இருக்காது. நீங்கள் வந்தால் வயதானவர்களை 'பாபா' என்று கூப்பிடுங்கள். ஜூலு மொழியில் அப்பா.

அமைதியாக மாறிய நாடு என்று படித்திருப்பீர்கள். 27 வருடச் சிறைக்குப் பின் 1990 பிப்ரவரியில் மண்டேலா வெளியே வந்ததற்கும் 1994 ஏப்ரல் தேர்தலுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1993-ல் ஈஸ்டருக்கு முந்தைய நாள், கறுப்பு இளைஞர்கள் உயிராய் நினைத்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான் போலந்திலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையன். அப்போது அதிபர் வெள்ளையரான டி கிளர்க்தான். ஆனால் தொலைக்காட்சியில் வந்து ஜனங்களைப் பொறுக்கச் சொன்னது, அரசில் எந்தப் பதவியும் இல்லாத மண்டேலா. கொலைகாரனின் கார் எண்ணைப் போலீசுக்குச் சொன்னவளும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் என்று எடுத்துச் சொன்னார். சும்மா சாந்தம் பேசிவிட்டுப் போகவும் இல்லை. அந்தக் கோபத்தைக் காட்டியே அவரும் அவர் கட்சியும் அரசோடு நடந்த பேச்சுவார்த்தையை நெருக்கினார்கள். ஜூனுக்குள் தேர்தல் தேதி முடிவானது.

கறுப்பர்களுக்கு ஓட்டு கிடைத்தது. நிலமும் பணமும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல், மின்வேலி போட்ட குடியிருப்பில் உட்கார்ந்து "94-க்குப் பிறகு நாடு கெட்டுப்போச்சு" என்று பிராய் என்கிற இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றிப் புலம்பும் நம்மவர்களோடு சேராதீர்கள். நிறவெறி ஆட்சியின் பெரும்பகுதியில் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இவர்கள் இங்கே வந்து இறங்கியிருக்கவே முடியாது! இதே ஆட்கள்தான் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவில் இருக்கும் நாயுடு, பிள்ளை குடும்பங்களைப் பார்த்து "தமிழே தெரியாது" என்று சிரிப்பார்கள். அவர்களின் பாட்டன்மார் 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தால் துரத்தப்பட்டவர்கள். எனக்கு இங்கே முதலில் சோறு போட்டதும் அவர்கள்தான்.

1995 ஜூன் 24, ரக்பி உலகக்கோப்பை இறுதி. அதுவரை கறுப்பர்களில் பலர் எதிரணிக்குத்தான் கை தட்டுவார்கள். தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டை அவர்களுக்கு வெள்ளையர்களின் சட்டை. மண்டேலா அதையே, கேப்டனின் 6-ஆம் எண்ணோடு, போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நியூசிலாந்தை 15-12 என்று ஜெயித்தார்கள். திங்கட்கிழமை பெரியவர் பச்சைத் தொப்பியோடு தேநீர் கொண்டுவந்தார். "பாபா, நீங்களுமா?" என்றேன்.

"மடிபாவே போட்டுக்கொண்டார், நான் என்ன செய்ய?" என்று முணுமுணுத்தார். மண்டேலாவை இங்கே அவருடைய குலப் பெயரால் மடிபா என்பார்கள். சர்க்கரை மட்டும் அன்றும் போடவில்லை.