வாசகர் கேள்வி – பதில்: அமைச்சர் சொன்ன பதிலை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஏற்காட்டில் காபியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயி நான். எங்கள் குறைகளை நாடாளுமன்றத்தில் வேளாண் அமைச்சரிடம் எழுப்பும்படி சேலம் மக்களவை உறுப்பினருக்கு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பலன் கிடைக்குமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: மனுவில் இரண்டு இடங்களைத் திருத்திக்கொள்ளுங்கள். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், மக்களவையைப் பொறுத்தவரை அது கள்ளக்குறிச்சித் தொகுதியில் அடங்கும். ஆத்தூர், கெங்கவல்லி ஆகியவையும் அப்படியே. (மேட்டூர்க்காரர்கள் தருமபுரிக்கும் சங்ககிரிக்காரர்கள் நாமக்கல்லுக்கும் வாக்களிக்கிறார்கள் என்பது நம் மாவட்டத்திலேயே பலருக்கு மறந்துபோகிற செய்தி.) அடுத்தது, காபி வாரியமும் நறுமணப் பொருள்கள் வாரியமும் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை, மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருப்பதால், கேள்வி தவறான அமைச்சகத்துக்குப் போனால் நாளும் வீணாகும். ஆனால் உறுப்பினர் தம் தொகுதியைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. விருப்பமுள்ள எந்த உறுப்பினரும், மாநிலங்களவையில் இருப்பவரும்கூட, உங்களுக்காகக் கேட்கலாம்.

கேட்கும் விதம் இதைவிட முக்கியம். கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அதில் வாதமோ, குற்றச்சாட்டோ, அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்பதோ இருக்கக் கூடாது. ‘மலைவாழ் விவசாயிகள் படும் துயரத்தை அரசு அறியுமா?’ என்று எழுதினால் அது ஏற்கப்பட்டாலும் ‘அரசு அறியும்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. அதற்குப் பதிலாக, சேர்வராயன் மலைப் பகுதியில் மறுநடவு மானியத்துக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக வழங்கிய தொகை எவ்வளவு, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை, அதற்குக் காரணம் என்ன என்று உட்பிரிவுகளாகப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு அலைவதில் பயனில்லை.

கேள்வி: நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்கிறார்களே, எது பெரியது?
– கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

பதில்: நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், உடனே துணைக் கேள்விகளும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இவ்வாறு 20 கேள்விகள்தான் பட்டியலில் இடம்பெறும். கேள்வி நேரம் எனப்படும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபதும் முடிவது அபூர்வம். குறியிடாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்துபூர்வமான பதில் மட்டுமே. தொலைக்காட்சியில் காட்டுவது முதல் வகையைத்தான் என்றாலும், மாவட்டவாரியான புள்ளிவிவரங்கள் தேடுகிறவர்களுக்கு இரண்டாவது வகையே சுரங்கம்.

எனினும் அமைச்சரைச் சோதிப்பது துணைக் கேள்விதான். எழுதிவைத்த பதிலை அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து வரும் கேள்விக்கு அமைச்சர் விஷயம் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிய விவகாரம் 1957-இல் கேள்வி வடிவில்தான் மக்களவைக்கு வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி அதை விடாமல் துருவினார், நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். எதிர்க்கட்சியினர் மட்டுமே சங்கடமான கேள்வி கேட்பார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். சம்பளம் நிலுவையில் கிடக்கும் தொழிலாளர்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டால், ‘தூதரகம் அந்நாட்டு அதிகாரிகளுடன் தொடர்பில் உள்ளது’ என்றே பதில் வருகிறது. வெளியுறவு அமைச்சர் ஏன் வெளிப்படையாகப் பேசுவதில்லை?
– ஒரு தாய், ஆத்தூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. இங்கே அமைச்சரைக் கட்டுப்படுத்தும் காரணங்கள் சில உண்மையானவை. நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகக் கேட்கும் கேள்வியை விதிகளே அனுமதிப்பதில்லை; தவிர, உள்நாட்டு விவகாரத்தில் ஓர் அதிகாரிக்கு உத்தரவிட முடிகிற அரசு, வேறொரு நாட்டின் நிறுவனத்துக்கு உத்தரவிட முடியாது. ஆனால் இந்தக் காரணங்களின் மறைவில் சோம்பலும் ஒளிந்துகொள்கிறது என்பது என் கருத்து. ‘தொடர்பில் உள்ளது’ என்பதற்கு மேல் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன, இந்தியச் சமூக நல நிதியிலிருந்து எவ்வளவு செலவிடப்பட்டது என்று கேட்டால், இவற்றில் எதையும் இராஜதந்திர இரகசியம் என்று மறைக்க முடியாது. அந்த நிதி 2009-இல் இப்படிப்பட்ட அவசரங்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் புகார்களுக்காக 2015 முதல் இயங்கும் ‘மதத்’ இணையதளத்தில் உங்கள் மகன் பெயரில் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை உறுப்பினரிடம் கொடுங்கள். எண்ணோடு எழுதும் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அயல்நாட்டு விவகாரத்தில் அவைக்குச் செய்தி பிந்தி வருவது பழைய வழக்கம். கச்சத்தீவு உடன்பாடு 1974 ஜூன் மாதக் கடைசியில் கையெழுத்தானது. வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அதுபற்றி அறிக்கை அளித்தது ஜூலை 23-ஆம் தேதி. வெளிநாடுகளுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நம் நாட்டில் இல்லாததால், உறுப்பினர்களுக்கு மிஞ்சுவது முடிந்துபோன காரியத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதுதான்.

கேள்வி: ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை மேசையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால், அதோடு கதை முடிந்ததா?
– ஓய்வுபெற்ற உருக்காலை ஊழியர், சேலம்

பதில்: முடியவில்லை; சட்டப்படி அங்கேதான் தொடங்குகிறது. அப்படிச் சொல்வது அவைக்கு அளித்த உறுதிமொழியாகக் கருதப்படும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது போன்ற சொற்களும் இந்தக் கணக்கில் வரும். மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், கைவிட விரும்பினால் குழுவிடம் காரணம் சொல்ல வேண்டும். அமைச்சகங்கள் அவகாசம் கேட்டே ஆண்டுகளைக் கடத்துவதும் உண்டு. குழுவின் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்ற தைரியம்தான் அதற்குக் காரணம்.

உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் அதை விற்க விருப்ப விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அந்தச் சமயத்தில் ஓர் உறுப்பினர் ‘ஆலையை மூடும் உத்தேசம் உண்டா?’ என்று கேட்டிருந்தால் ‘இல்லை’ என்ற பதிலே போதுமானதாக இருந்திருக்கும். அது பொய்யும் ஆகாது. அதனால் அமைச்சரின் பதில் செய்தித்தாளில் வந்தால், முதலில் கேள்வியின் வாசகத்தைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் சேலத்துக்காரர்கள் யாராவது இப்படிக் கேள்வி கேட்டதுண்டா?
– பள்ளி ஆசிரியர், ஓமலூர்

பதில்: 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம்தான் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலில் தந்தது, துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேலம் விஜயராகவாச்சாரியார் 1895 முதல் ஆறு ஆண்டுகள் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார். அதாவது, பதில் திருப்தி அளிக்காவிட்டாலும் மறுபடி கேட்க முடியாத காலத்தில். பிற்காலத்தில் சேலத்தின் மக்களவை உறுப்பினர் ரங்கராஜன் குமாரமங்கலம் நரசிம்மராவ் அரசில் நாடாளுமன்ற விவகாரத் துறையின் இணையமைச்சராகவும், அதாவது பதில் சொல்லும் பக்கத்திலும் இருந்தார்.